மாசியில் மிளகாய், வைகாசியில் நடவு: ரொறன்ரோவில் வீட்டுத்தோட்டம் தொடங்குவோருக்கு

ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பகுதிகளில் முதன்முறையாகப் பின்வளவோ பல்கனியோ கிடைத்து, நான்கு கத்தரியும் இரண்டு பாகலும் வைத்துப் பார்க்கலாம் என்று எண்ணுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கு ஓகஸ்ட் மாதத்தில் காய் பறிப்பதா இல்லையா என்பது பெப்ரவரியிலேயே, வெளியே பனி குவிந்து கிடக்கும்போதே, பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. இதை எனக்கு ஆரம்பத்தில் எவரும் கோவையாகச் சொல்லித் தரவில்லை. அயலவரிடம் ஒன்றும் விதைக்கடையில் ஒன்றும் விதைப்பொதியின் பின்புறத்தில் ஒன்றுமாகப் பொறுக்கிச் சேர்த்தவற்றை நீங்கள் ஒரே இடத்தில் படித்து, ஒரு பருவத்தையும் வீணாக்காமல் தொடங்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

ஆடிப்பட்டம் தேடி விதைப்பது நம் ஊர் வழக்கம். இங்கே ஆடியில் விதைத்தால் காய்க்கும் முன்னரே குளிர் வந்துவிடும். இங்குள்ள பட்டத்தையும் தமிழ் மாதங்களில் நினைவில் வைக்கலாம்: மாசியில் மிளகாய், பங்குனியில் கத்தரியும் தக்காளியும், சித்திரையில் பாகலும் புடலையும் வெண்டியும். இவை அனைத்தும் வீட்டுக்குள். வைகாசியில் எல்லாவற்றையும் வெளியே நடுவது.

1. நடவு நாளைக் குறித்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள்

ரொறன்ரோவில் கடைசி உறைபனி சராசரியாக மே மாதத்தின் முற்பாதியில் முடிந்துவிடும். சராசரியை நம்பி நட்டால் சில ஆண்டுகளில் ஏமாற்றம்தான் மிஞ்சும் என்பதால், இங்குள்ளவர்கள் விக்ரோறியா நாளை ஒட்டிய நீண்ட வார இறுதியை எல்லையாகக் கொள்கிறார்கள். மே 25க்கு முந்தைய திங்கட்கிழமை அது. 2026இல் மே 18. ஏரிக்கரையை ஒட்டிய இடங்களில் இரவுக் குளிர் சற்று மட்டுப்படும். மார்க்கத்துக்கு வடக்கே போகப் போக உறைபனி ஒரு வாரமோ அதற்கு மேலோ பிந்தி நிற்கும்.

உறைபனி நின்றுவிட்டது என்பது நம் காய்கறிகளுக்குப் போதாது. இரவு வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழே போகாத நிலை வந்தால் தக்காளியை நடலாம். மிளகாய், கத்தரி, வெண்டி, பாகல், புடலை ஆகியவற்றுக்கு 13 பாகையாவது வேண்டும். அதற்குக் குறைந்த இரவுகளில் அவை சாகாமல் நிற்கும், ஆனால் வளராமல் நிற்கும். குளிரில் இரண்டு வாரம் முடங்கிய கத்தரிக் கன்று பின்னர் வெயில் வந்தாலும் எளிதில் தேறுவதில்லை. ஆகவே தக்காளிக்கு விக்ரோறியா நாளுக்கு அடுத்த வாரத்தையும், மற்றவற்றுக்கு ஜூன் முதல் வாரத்தையும் நடவு நாளாகக் குறியுங்கள்.

அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் விதைக்கும் நாட்கள் கிடைக்கும். மிளகாய் மெல்ல வளர்வது, எனவே பெப்ரவரி கடைசி வாரம். கத்தரி மார்ச் நடுப்பகுதி. தக்காளி மார்ச் கடைசி அல்லது ஏப்ரல் முதல் வாரம். பாகல், புடலை, பீர்க்கு, சுரை ஏப்ரல் கடைசி வாரம். வெண்டி மே முதல் வாரம். பயிற்றையையும் முளைக்கீரையையும் வீட்டுக்குள் முளைக்க வைக்க வேண்டியதில்லை. மண் சூடேறிய பின் ஜூனில் நேரே பாத்தியில் போட்டால் போதும்.

புதிதாகத் தொடங்குவோரிடம் நான் அடிக்கடி காணும் தவறு, ஆசையில் தைப்பொங்கலோடு தக்காளி விதைத்துவிடுவது. ஏப்ரலில் அது இரண்டு அடி உயர்ந்து, பூவும் எடுத்து, நட இடமில்லாமல் யன்னலோரம் சாய்ந்து கிடக்கும். ஏப்ரலில் விதைத்த கன்று ஜூலையில் அதை முந்திவிடும்.

2. விதை வாங்கும் முன் அனுமதியும் கடதாசியும்

வாடகை வீட்டில் இருப்பவர்கள் புல்தரையை வெட்டிப் பாத்தி போடுவதற்கு முன் வீட்டுச் சொந்தக்காரரிடம் எழுத்தில் சம்மதம் பெற்றுக்கொள்ளுங்கள். ஒரு மின்னஞ்சல் போதும். வாய்ச்சொல்லை நம்பிப் பாத்தி போட்டால், வீட்டை விட்டுப் போகும்போது புல்தரையைத் திரும்பப் போட்டுத் தரும் செலவு உங்கள் தலையில் விழலாம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் கட்டட விதிக் கோவையில் பல்கனி பற்றிய பகுதியை வாசியுங்கள். கைப்பிடிக் கம்பிக்கு வெளியே தொட்டி தொங்கவிடுவதையும் கம்பியில் கொடி படர விடுவதையும் பல கட்டடங்கள் தடுக்கின்றன.

நிலத்தில் கொத்துவதாக இருந்தால், பந்தலுக்குக் கால் நாட்டுவதற்கேனும், நிலத்தடிக் குழாய்களும் கம்பிகளும் போகும் இடத்தைக் குறித்துத் தர ஏற்பாடு செய்யும் ஒன்ராறியோ வன் கோல் சேவையிடம் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இது சட்டப்படியான கடமை. வீட்டுக்காரருக்குக் கட்டணம் எதுவும் இல்லை. இணையத்தில் முகவரியும் தோண்டும் இடமும் கொடுத்தால், எரிவாயு, மின்சாரம், தொலைபேசி நிறுவனத்தார் வந்து புல்லின் மேல் நிறக்கோடு போட்டுக் காட்டுவார்கள்: மஞ்சள் எரிவாயுவுக்கு, சிவப்பு மின்சாரத்துக்கு, செம்மஞ்சள் தொலைத்தொடர்புக்கு. குறைந்தது 5 வேலை நாட்கள் முன்பாக விண்ணப்பியுங்கள். மே மாதத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பதால் ஏப்ரலிலேயே கேட்பது நல்லது. வீட்டிலிருந்து கராஜுக்கோ தோட்ட விளக்குக்கோ முன்னைய உரிமையாளர் தாமாகப் புதைத்த கம்பியை அவர்கள் குறிக்க மாட்டார்கள் என்பதை மறக்காதீர்கள்.

நிலமே இல்லாதவர்களுக்கு மாநகராட்சியின் ஒதுக்கீட்டுத் தோட்டங்கள் உள்ளன. ஆண்டுக் கட்டணம் செலுத்தி ஒரு துண்டு நிலத்தைப் பருவம் முழுதும் வைத்திருக்கலாம். காத்திருப்போர் பட்டியல் நீளமானது. இந்த ஆண்டு கிடைக்காது என்று தெரிந்தாலும் இன்றே பெயரைப் பதிந்துவிடுங்கள். பதியாமல் விடும் ஒவ்வோர் ஆண்டும் அடுத்த ஆண்டையும் தள்ளிவிடுகிறது.

ஊரிலிருந்து விதை கொண்டுவருவது பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும். விதை, கன்று, கிழங்கு எதுவாயினும் விமான நிலையத்தில் எல்லை அலுவலரிடம் அறிவித்தே ஆக வேண்டும். அறிவிக்காமல் பிடிபட்டால் 1,300 டொலர் வரை அபராதம் விதிக்கலாம். எந்த விதைக்கு எந்த நாட்டிலிருந்து தாவரச் சுகாதாரச் சான்றிதழோ இறக்குமதி அனுமதியோ வேண்டும் என்பதைக் கனடிய உணவுப் பரிசோதனை முகமையின் இணையத்தில், தாவரத்தின் பெயரையும் நாட்டையும் இட்டுத் தேடிப் பார்க்கலாம். பயணத்துக்கு முன் பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். மண் ஒட்டிய கன்றை எண்ணிப் பார்க்கவே வேண்டாம். இலங்கை, இந்திய மண்ணுக்கு இங்கு அனுமதி இல்லை.

3. எந்த விதை இங்கே காய்க்கும்?

நம் பெரும்பாலான காய்களுக்கு இங்கேயே விதை கிடைக்கிறது. தமிழ்க் கடைகளில் ஒரு பொதி 2 முதல் 5 டொலர் வரை. பெப்ரவரி, மார்ச் மாதங்களில் சீடி சாட்டர்டே என்ற பெயரில் விதைப் பரிமாற்ற நாட்கள் பல ஊர்களில் நடக்கின்றன. அங்கே ஒன்ராறியோவிலேயே விளைந்து எடுத்த விதை கிடைக்கும் என்பதுடன், அதை விளைவித்தவரிடமே கேள்வியும் கேட்கலாம்.

விதைப்பொதியில் முதலில் பார்க்க வேண்டியது காய்க்க எடுக்கும் நாட்கள். தக்காளி, மிளகாய், கத்தரிக்கு அந்த எண் விதைத்த நாளிலிருந்து அல்ல, வெளியே நட்ட நாளிலிருந்து கணக்கிடப்படுவது. ஜூன் முதல் வாரம் நட்டால் செப்டெம்பர் நடுப்பகுதி வரை உங்களுக்கு நல்ல சூடான நாட்கள் 100 அளவில்தான் இருக்கின்றன. 60 முதல் 80 நாள் வகைகளைத் தேர்ந்தெடுங்கள். நீளமான ஊதாக் கத்தரி வகைகள் பெரிய உருண்டைக் கத்தரியை விட இங்கே முந்திக் காய்க்கின்றன.

இரண்டாவது விடயத்தைப் பொதியில் எழுதியிருக்க மாட்டார்கள். யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. அங்கே ஆண்டு முழுதும் பகல் ஏறத்தாழ 12 மணிநேரம். ரொறன்ரோ 43 பாகைக்கு மேலே. ஜூன் மாதத்தில் பகல் 15 மணிநேரத்தைத் தாண்டும். அவரையின் நாட்டு வகைகள் பலவும் சிறகவரையும் பகல் குறுகினால்தான் பூக்கும் இயல்புடையவை. கொடி வேலியை மூடிப் பச்சைப்பசேல் என்று படரும், செப்டெம்பர் கடைசியில் பூவெடுக்கும், ஒக்ரோபர் உறைபனியில் கருகும். உரம் குறைவு, நீர் குறைவு என்று பலர் இதற்குக் காரணம் தேடுகிறார்கள். காரணம் பகலின் நீளம் ஒன்றுதான். அவரை வேண்டுமென்றால் பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாத, கொடியாகப் படராத குட்டை வகையைக் கேட்டு வாங்குங்கள். வெங்காயத்தில் இது தலைகீழாக நடக்கும்: நம் ஊர்ப் பெரிய வெங்காய வகைகள் குறுகிய பகலிலேயே கிழங்கு கட்டுபவை என்பதால், இங்குள்ள நீண்ட பகலில் செடி வளரும் முன்பே சிறிதாகக் கிழங்கு கட்டிவிடும். ஒன்ராறியோவில் நீள்பகல் வகைதான் பொருந்தும்.

பழைய விதை வீட்டில் இருந்தால் பத்து விதையை ஈரக் கடதாசித் துவாயில் சுற்றி, பொலித்தீன் பையில் இட்டு, சூடான இடத்தில் பத்து நாள் வையுங்கள். ஐந்துக்குக் குறைவாக முளைத்தால் புதிது வாங்குங்கள்.

4. வெளிச்சம்: செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்

நாற்று மெலிந்து நெடுத்து விழுவதற்கு முதற்காரணம் வெளிச்சக் குறைவு. தெற்குப் பார்த்த யன்னலாக இருந்தாலும் மார்ச் மாதத்து மேகமூட்டத்தில் அது போதாது. யன்னல் கண்ணாடியின் அருகே இரவில் குளிரும் கூடுதல். இதற்கு விலையுயர்ந்த ஊதா நிற வளர்ப்பு விளக்குகள் தேவையில்லை. கராஜில் மாட்டும் 4 அடி நீள வெள்ளை எல்ஈடி விளக்கே போதும்.

அண்மையில் நான் கண்ட விலைகளை வைத்து ஒரு தோராயக் கணக்குத் தருகிறேன். 4 அடி அகலக் கம்பித் தட்டு அலுமாரி 70 முதல் 90 டொலர். விளக்கு ஒன்று 30 முதல் 40 டொலர். ஒரு தட்டுக்கு இரண்டு வேண்டும். நேரக்கட்டுப்பாட்டுச் சொருகி 15 டொலர். நாற்றுத் தட்டின் அடியில் வைத்துச் சூடேற்றும் வெப்பப் பாய் 30 டொலர். நாற்றுத் தட்டு, கிண்ணம், மூடி எல்லாம் 25 டொலர். மண்ணுக்குப் பதிலாகத் தட்டில் நிரப்பி விதை போடும் விதைக்கலவை 15 டொலர். மொத்தம் 215 முதல் 255 டொலர் வரும். அடுத்த ஆண்டு கலவையும் விதையும் மட்டுமே செலவு. அலுமாரிக்குப் பதிலாகப் பழைய மேசையின் அடியில் விளக்கைத் தொங்கவிட்டால் முதலாண்டுச் செலவில் மூன்றிலொரு பங்கு குறையும்.

இந்தப் பணத்தைச் செலவழிப்பதா என்பதற்கு என் கருத்து இது. உங்களுக்குத் தேவை ஐந்தாறு தக்காளியும் இரண்டு மிளகாயும் மட்டுமென்றால், மே கடைசியில் கன்றாக வாங்குங்கள். கன்று ஒன்று 4 முதல் 6 டொலருக்குக் கிடைக்கும். பாகல், புடலை, நம் கத்தரி வகைகள் என்று பதினைந்து இருபது கன்றுக்கு மேல் வேண்டுமென்றால் விளக்கு இரண்டு மூன்று பருவத்தில் தன் விலையை மீட்டுத் தரும்.

மின்கட்டணம் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. 40 வொட் விளக்கு இரண்டு, நாளுக்கு 15 மணிநேரம் எரிந்தால் 1.2 கிலோவொட் மணி. 90 நாளைக்கு 108. கிலோவொட் மணிக்கு 15 சதம் என்று வைத்தாலும் பருவம் முழுதுக்கும் 16 டொலர் அளவில்தான் வரும்.

விளக்கை நாற்றின் உச்சியிலிருந்து 5 முதல் 10 சென்ரிமீற்றர் உயரத்தில் வைத்து, நாற்று வளர வளரச் சங்கிலியில் உயர்த்துங்கள். நாளுக்கு 14 முதல் 16 மணிநேரம் போதும். நேரத்துக்கேற்ற மின்கட்டணத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு வேலை நாட்களில் இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரை கட்டணம் குறைவு என்பதால், யன்னல் இல்லாத நிலவறையில் விளக்கை இரவில் எரியவிட்டுப் பகலில் அணைத்து வைக்கலாம். யன்னல் உள்ள அறையில் அப்படிச் செய்யாதீர்கள். பகலில் யன்னல் வெளிச்சமும் இரவில் விளக்கு வெளிச்சமும் சேர்ந்து இருட்டே இல்லாமல் போனால், தக்காளியும் கத்தரியும் இலை மஞ்சளித்துக் கெட்டுவிடும். அவற்றுக்கு நாள்தோறும் சில மணிநேர இருட்டு கட்டாயம் வேண்டும்.

5. விதைத்தல்: மண்ணுக்கு அடியில் சூடு

தோட்ட மண்ணைக் கொண்டுவந்து வீட்டுக்குள் விதைக்காதீர்கள். அது தட்டில் இறுகும், பூச்சியும் நோயும் கொண்டுவரும். விதைக்கலவையை வெந்நீர் ஊற்றிப் பிசைந்து, கையில் இறுகப் பிழிந்தால் ஓரிரு துளி நீர் மட்டும் சொட்டும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உலர்ந்த கலவையைத் தட்டில் நிரப்பிவிட்டு மேலே நீர் தெளித்தால் நீர் உள்ளே இறங்காது. கடந்த ஆண்டுத் தட்டுகளை ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்த கரைசலில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவுங்கள்.

மிளகாயும் கத்தரியும் முளைக்க மண்ணின் வெப்பம் 25 முதல் 30 பாகை வரை வேண்டும். குளிர்காலத்து நிலவறை 17, 18 பாகையில் இருக்கும். அந்த வெப்பத்தில் மிளகாய் முளைக்க மூன்று நான்கு வாரம் எடுக்கலாம், பாதி அழுகியும் போகலாம். வெப்பப் பாய் வைத்தால் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் முளைத்துவிடும். பாய் வாங்க விரும்பாதவர்கள் குளிர்பெட்டியின் மேற்பரப்பைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் முளைக்கும் வரை தட்டை அங்கே வைக்கலாம். முதல் முளை தலைகாட்டியவுடன் மூடியை எடுத்துவிட்டு, அன்றே விளக்கின் கீழ் கொண்டுபோக வேண்டும். ஒரு நாள் இருட்டில் நின்றாலும் தண்டு நெடுத்துவிடும். முளைத்த பின் பாயும் தேவையில்லை.

பாகல், புடலை விதைகளின் ஓடு தடித்தது. நகவெட்டியை எடுத்து, விதையின் கூரான முனைப்பக்கத்து விளிம்பில் ஓட்டை மட்டும் மெல்லக் கடித்தெடுங்கள். உள்ளே பச்சையும் வெண்மையுமாகப் பருப்புத் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள், பருப்பில் வெட்டுப்படக் கூடாது. பின்னர் ஓர் இரவு இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து, ஈரத் துவாயில் சுற்றி, 28 பாகையை ஒட்டிய சூட்டில் வையுங்கள். நான்காம் நாளிலிருந்து தினமும் பிரித்துப் பாருங்கள். வெள்ளை வேர் அரைச் சென்ரிமீற்றர் நீண்டவுடன் வேர் கீழ்நோக்கி இருக்கும்படி 10 சென்ரிமீற்றர் அகலக் கிண்ணத்தில் ஒன்றொன்றாக ஊன்றுங்கள். இவற்றின் வேர் குலைந்தால் தாங்காது. ஆகவே சிறு தட்டில் முளைக்கவிட்டுப் பிரித்து நடும் முறை பாகலுக்கும் புடலைக்கும் வெண்டிக்கும் ஆகாது. செய்தித்தாளைச் சுருட்டிச் செய்த கிண்ணத்தில் ஊன்றினால் கிண்ணத்தோடேயே நட்டுவிடலாம். மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தாள் விளிம்பை மட்டும் கிழித்துவிடுங்கள், அது நீரை உறிஞ்சி வேரை உலர்த்தும்.

6. நாற்றைக் காப்பாற்றும் ஆறு வாரம்

நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று மண்மட்டத்தில் தண்டு நூலாக மெலிந்து சாய்ந்து கிடந்தால் அது நாற்றழுகல். சாய்ந்ததை மீட்க முடியாது. வராமல் தடுக்க வழியுண்டு: தட்டின் அடியில் நீர் ஊற்றி அரைமணிநேரம் உறிஞ்சவிட்டு மிச்சத்தைக் கொட்டுங்கள், மேல்மண் வெளிறிக் காயும் வரை அடுத்த நீர் வேண்டாம், சிறிய மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். காற்றில் அசையும் தண்டு தடித்தும் வளரும். மண்ணுக்கு மேலே சிறு கருங்கொசுக்கள் பறந்தால் ஈரம் கூடிவிட்டது என்று பொருள். பூச்சி ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் அட்டையைக் குத்திவைத்து, நீரைக் குறையுங்கள்.

முதலில் விரியும் இரண்டு இலையும் வித்திலைகள். அதன்பின் வரும் உண்மையான இலைகள் இரண்டு விரிந்ததும் பெரிய கிண்ணத்துக்கு மாற்றி, பொதியில் சொன்னதில் கால் பங்கு வலுவில் திரவப் பசளையை வாரம் ஒருமுறை கொடுங்கள். மாற்றும்போது தண்டைப் பிடிக்காமல் இலையைப் பிடியுங்கள். தக்காளியை வித்திலை வரை ஆழப் புதைக்கலாம், தண்டிலிருந்து வேர்விடும். கத்தரியையும் மிளகாயையும் முன்பிருந்த ஆழத்திலேயே வையுங்கள்.

7. ஏப்ரலில் வெளியே: பாத்தியும் குளிர்ப்பயிரும்

பனி உருகியவுடன் மண்வெட்டியைத் தூக்காதீர்கள். ஸ்காபரோவின் பல பகுதிகளில் களிமண். ஈரக் களியைக் கொத்தினால் அது கட்டியாகிக் கோடை முழுதும் இறுகிக் கிடக்கும். ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் அழுத்திப் பாருங்கள். உதிர்ந்தால் கொத்தலாம், களியாக நசிந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். ஈரப் பாத்தியில் காலால் மிதிப்பதும் அதே கெடுதலைச் செய்யும்.

களிமண்ணுக்கு உயர்த்திய பாத்தி நல்ல தீர்வு, ஆனால் மண்ணின் விலையை முதலிலேயே கணக்கிடுங்கள். 8 அடி நீளம், 4 அடி அகலம், 1 அடி உயரப் பாத்திக்கு 32 கன அடி மண் வேண்டும். கடையில் விற்கும் 28 லீற்றர் பை ஏறத்தாழ ஒரு கன அடி, ஆக 32 பை. பை 5 டொலர் என்றாலும் 160 டொலர். இரண்டு பாத்திக்கு மேல் போடுவதென்றால் கன யார் கணக்கில் மண்ணை மொத்தமாக இறக்குவிப்பது மலிவு. கொண்டுவரும் கூலியை அயலவரோடு பகிர்ந்துகொள்ளலாம். ரொறன்ரோ மாநகராட்சி வசந்தகாலத்தில் கூட்டெருவை இலவசமாக வழங்கும் நாட்களை அறிவிக்கிறது. வாளி, சவள், முகவரி உள்ள அடையாள அட்டை ஆகியவற்றோடு காலையிலேயே போய்விடுங்கள். பழைய வீடுகளின் சுவரை ஒட்டிய மண்ணில் ஈயம் கலந்த வர்ணத் துகள்கள் இருக்கக்கூடும். 1990க்கு முந்திய வீடானால் சுவரோரத்தில் கீரை வைப்பதைத் தவிர்த்து, மண்ணைப் பரிசோதிப்பது நல்லது.

ஏப்ரல் நடுப்பகுதியில் பாத்தியை வெறுமையாக விட வேண்டியதில்லை. பசளிக்கீரை போலச் சமைக்கக்கூடிய ஸ்பினாச், வெந்தயக்கீரை, கொத்தமல்லி, சிவப்பு முள்ளங்கி, பச்சைப் பட்டாணி எல்லாம் குளிரிலேயே முளைத்து, லேசான உறைபனியையும் தாங்கும். கொத்தமல்லி கோடைச் சூட்டில் உடனே பூத்துவிடுவதால் அதற்கு இதுவே நல்ல காலம். சிறு சிவப்பு முள்ளங்கி ஒரு மாதத்தில் பிடுங்கலாம். அந்த இடத்தில் கத்தரி நடலாம். நீளமான வெள்ளை முள்ளங்கியை இப்போது போட்டால் கிழங்கு வைக்காமல் பூவெடுக்கும், அதை ஓகஸ்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய சின்ன வெங்காயத்தில் முளைத்தவற்றை ஊன்றினால் மே மாதத்தில் வெங்காயத்தாள் அறுக்கலாம்.

8. வீட்டுக்குள் குளிர்காலம் கழித்த கறிவேப்பிலை

பெப்ரவரியில் கறிவேப்பிலை இலை உதிர்த்து நின்றால் செத்துவிட்டது என்று எறியாதீர்கள். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. பலர் இந்நிலையில் இரக்கப்பட்டு நீரைக் கூட்டி வேரை அழுகவிடுகிறார்கள். இலை இல்லாத மரம் நீர் குடிக்காது. மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகே ஊற்றுங்கள். மார்ச்சில் பகல் நீண்டு துளிர் கண்டதும் நுனியைக் கிள்ளி, அதன் பின்னரே பசளையைத் தொடங்கி, வேண்டுமானால் ஒரு அளவு பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள்.

வெப்பமூட்டியின் உலர்காற்றில் சிலந்திப்பேன் பெருகும். இலையின் அடியில் மெல்லிய வலையும் மேற்பக்கம் ஊசிமுனைப் புள்ளிகளும் தெரிந்தால், குளியலறையில் வைத்து இலையின் இருபுறமும் நீரைப் பாய்ச்சிக் கழுவி, தாவரங்களுக்கான சோப்புக் கரைசலை வாரம் ஒருமுறை தெளியுங்கள். ஊர்ப் பூச்சிமருந்தை எவரேனும் கொண்டுவந்து தந்தாலும் தொடாதீர்கள்: கறிவேப்பிலையை நாம் உண்கிறோம், 2009 முதல் ஒன்ராறியோவில் வீட்டுவளவில் தெளிக்கும் இரசாயனங்களுக்குக் கடும் கட்டுப்பாடும் உண்டு. மரத்தை வெளியே வைப்பது பாகல் நடும் அதே ஜூன் முதல் வாரத்தில்தான்.

9. வன்மைப்படுத்தலும் நடவும்

விளக்கின் கீழ் வளர்ந்த இலை வெயிலையும் காற்றையும் அறியாதது. நேரே வெளியே நட்டால் ஒரே பகலில் இலை வெளிறிக் கடதாசிபோல் காய்ந்துவிடும். எனவே நடவுக்குப் பத்து நாள் முன்பிருந்து வன்மைப்படுத்த வேண்டும். முதல் இரண்டு நாள் நிழலில், காற்று மறைவில், ஓரிரு மணிநேரம். பின்னர் நாளுக்கு ஒரு மணிநேரம் கூட்டி, காலை வெயிலைக் காட்டி, கடைசி இரண்டு நாள் இரவும் வெளியே விடுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் இதை விக்ரோறியா நாள் விடுமுறையில் தொடங்கி, வார நாட்களில் வடக்குச் சுவர் நிழலில் வைத்துவிட்டுப் போகலாம். அணில், முயல் இரண்டும் இளங்கன்றைக் கடிக்கும் என்பதால் தட்டின் மேல் கம்பிவலை மூடி வையுங்கள்.

மே முதல் வாரத்திலேயே கடை வாசல்களில் பாகல், கத்தரிக் கன்றுகள் வரிசையாக வந்துவிடும். விற்கிறார்கள் என்பதால் நடும் காலம் வந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். வாங்கினால் வீட்டுக்குள் வைத்துப் பராமரியுங்கள். வாங்கும்போது பூவும் பிஞ்சும் உள்ள நெட்டைக் கன்றை விட்டு, தண்டு தடித்த குட்டைக் கன்றை எடுங்கள்.

நடுவதற்கு முன் மண் வெப்பமானியைப் பாத்தியில் 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்குச் செருகிக் காலையில் பாருங்கள். அது 15 டொலருக்குள் கிடைக்கும். தக்காளிக்கு 15 பாகை, கத்தரிக்கும் பாகலுக்கும் 18 பாகை. குளிர்ந்த மண்ணானால் கறுப்புப் பிளாஸ்ரிக் விரிப்பை ஒரு வாரம் முன்பே போட்டு ஓரத்தைக் கல்லால் அழுத்திவையுங்கள். மேகமூட்டமான மாலையில் நட்டு, வேர் நனைய நீர் ஊற்றுங்கள். பந்தல் கால்களை நடும் அன்றே நாட்டிவிடுங்கள். பாகல் படர்ந்த பின் நாட்டினால் வேர் அறுபடும்.

நட்ட பின்னும் இரண்டு வாரம் வானிலை அறிக்கையைத் தினமும் பாருங்கள். உறைபனி எச்சரிக்கை வந்தால் மட்டுமல்ல, காற்றில்லாத தெளிந்த இரவில் 3 பாகை என்று சொன்னாலும் புல்மட்டத்தில் உறைபனி படியலாம். அன்று மாலை மண்ணுக்கு நீர் ஊற்றி, பழைய படுக்கை விரிப்பை இலையில் படாதபடி கம்புகளின் மேல் போட்டு, விளிம்பு நிலம் தொட மூடுங்கள். பிளாஸ்ரிக் இலையில் ஒட்டினால் ஒட்டிய இடம் கருகும். காலையில் வெயில் ஏறும் முன் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு வகையிலும் இரண்டு கன்றை ஜூன் நடுப்பகுதி வரை கிண்ணத்திலேயே மிச்சம் வைத்திருங்கள். வெட்டுப்புழு ஓர் இரவில் ஒன்றை அறுத்துவிட்டால், விதைத்து வளர்க்க அப்போது காலம் இருக்காது.